துண்டு கேட்டால் கோபிக்க வேண்டாம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் மாதர் அணியினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும் நாள். விறகு, துணி துவைப்பு, பிள்ளைகளின் வேலை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருவோம்.

போன கூட்டத்தில் சம்பளம், கொழுந்து நிறுவை, லயத்துக் கூரை எல்லாம் பேசி முடித்த பிறகு மாதர் அணியிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. "டவுன் பார்மசியில முன்ன மாதிரி மருந்து குடுக்க மாட்டேங்குறாங்க. துண்டு கேக்குறாங்க. யாருக்குன்னு கேக்குறாங்க. பழைய துண்டைக் காட்டினா திருப்பிக் குடுத்துடுறாங்க. சங்கம் இதைக் கேக்கணும்" என்றார்கள். ஒருவர் ஆரம்பித்ததும் ஏழெட்டுப் பேர் அதையே சொன்னார்கள். நியாயமான கோபம்தான். மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, கடைசியில் வெறுங்கையோடு திரும்பினால் யாருக்குத்தான் கோபம் வராது?

சங்கம் கேட்கத்தான் போகிறது. ஆனால் துண்டு கேட்பதை நிறுத்துங்கள் என்று கேட்கப் போவதில்லை. அந்தத் துண்டை எடுக்க நாம் படும் பாட்டைக் குறையுங்கள் என்று கேட்கப் போகிறோம். இந்த இரண்டும் ஏன் வேறு வேறு என்பதைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

எந்த மருந்துக்குத் துண்டு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லா மருந்துக்கும் துண்டு கேட்பதில்லை. தலைவலிக்கு ஒரு காட் பெனடோல், ஜீவனி பைக்கற்று, தைலம் இவற்றை இன்றும் தோட்டத்துக் கடையிலேயே வாங்குகிறோம். துண்டு கேட்பது டொக்டர் பார்த்து எழுத வேண்டிய மருந்துகளுக்கு. அவற்றில் சில இன்று இளம் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுகின்றன. அவற்றின் பெயர்களை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒன்று பிரிகபலின். இது நரம்பு வலிக்கும் வலிப்பு வருத்தத்துக்கும் கொடுக்கும் மருந்து. சீனி வருத்தம் முற்றிக் கால் எரிவு வந்தவர்களுக்கு டொக்டர்மார் இதை எழுதுகிறார்கள். இரண்டாவது ட்ரமடோல். கடும் வலிக்கானது, அபின் வகையைச் சேர்ந்தது. மூன்றாவது கோடீன் கலந்த இருமல் பாணி. நான்காவது நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயசிபாம் போன்ற மாத்திரைகள். பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு முதல் இரண்டு பெயரும் புதிதல்ல. போதைக்காக விற்கவிருந்த இத்தனை ஆயிரம் மாத்திரைகள் பிடிபட்டன என்ற செய்தி அடிக்கடி வருகிறது.

இவை எதுவும் விஷம் அல்ல. முறைப்படி எடுத்தால் வலியில் துடிக்கிறவருக்கு நித்திரை தரும் நல்ல மருந்துகள். இரவு முழுக்கக் கால் எரிந்து உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பிரிகபலின் எடுத்த பிறகு நிம்மதியாகத் தூங்குவதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். ஆனால் நோய் இல்லாத ஒரு பையன் போதைக்காக மூன்று நான்கு என்று போட ஆரம்பித்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பிறகு மேலும் மேலும் கேட்கும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, சில பேருக்கு வலிப்பும் வரும். ட்ரமடோல் அளவு மிஞ்சினாலே வலிப்பு வரலாம். கசிப்போடோ சாராயத்தோடோ சேர்த்துப் போட்டால் மூச்சு அடங்கிப் போகும் அபாயமும் உண்டு.

வாடை இல்லாத போதை

தோட்டத்துக்குப் போதை புதிதல்ல. நம் பாட்டன்மார் காலத்திலிருந்தே தவறணை எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கசிப்பு எந்த ஓடைக்குப் பக்கத்தில் காய்ச்சப்படுகிறது என்றும் தெரியும். குடித்துவிட்டு வருகிறவரை இஸ்தோப்பில் கால் வைக்கும்போதே வீட்டுக்காரி கண்டுபிடித்துவிடுவாள். வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

மாத்திரைக்கு வாடை இல்லை. பையனின் சட்டைப்பையில் ஒரு காட் இருந்தால் அம்மா என்ன நினைப்பார்? தலைவலி மாத்திரை என்று நினைப்பார். வகுப்பில் கண் சொருகி உட்கார்ந்திருந்தால் இரவு முழுக்க ஃபோன் பார்த்திருப்பான் என்று நினைப்பார்கள். கண்டுபிடிக்கும்போது பல மாதம் போயிருக்கும். அதனால்தான் இந்தப் போதையை வீட்டுக்குள் வந்த பிறகு பிடிப்பதைவிட, விற்கும் மேசையிலேயே தடுப்பது சுலபம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் விஷயத்தைச் சொல்கிறோம். எந்தத் தோட்டம், எந்த வகுப்பு என்று சொல்லமாட்டோம், யாரும் விசாரிக்கவும் வேண்டாம். அவனுடைய அம்மாயிக்குச் சீனி வருத்தம், கால் எரிவு. கிளினிக்கில் பிரிகபலின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அங்கே மருந்து இல்லாத மாதங்களில் வெளியே வாங்க வேண்டும். அம்மாயியால் மலை இறங்க முடியாது. அப்பா கொழும்பில் கடையில் வேலை. அம்மா கொழுந்துக்குப் போய்விடுவார். ஆகவே சனிக்கிழமைகளில் பையன்தான் வெற்றுக் காட்டை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவான். அந்தக் கடையில் துண்டும் கேட்பதில்லை, யாருக்கு என்றும் கேட்பதில்லை. காட்டைக் காட்டினால் மருந்து கிடைக்கும்.

முதலில் அம்மாயிக்கு மட்டும் வாங்கினான். பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பெரிய பையன்கள் பழக்கமானார்கள். "இன்னொரு காட் சேத்து வாங்கிட்டு வா, காசு தாரோம்" என்றார்கள். வாங்கிக் கொடுத்தான். கையில் காசு வந்தது. கொஞ்ச நாளில் அவனே போட்டுப் பார்த்தான். பிறகு அம்மாயியின் பங்கிலும் கை வைத்தான். அம்மாயி இரவில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மருந்து கேட்கவில்லை, வருத்தம் முற்றிவிட்டது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

இது எப்படி வெளியில் வந்தது தெரியுமா? ஒரு சனிக்கிழமை வழக்கமான கடை பூட்டியிருந்தது. வேறு பார்மசிக்குப் போனான். அங்கிருந்த மருந்தாளர் துண்டு கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றான். "அப்ப பெரியவங்க யாரையாச்சும் துண்டோட வரச் சொல்லுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தோடு விடவில்லை. அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் அங்கே மருந்து வாங்க வந்தபோது, "உங்க பக்கத்துப் பெரியம்மா ஒருத்தருக்கு மருந்து வேணுமாம், துண்டு இல்லாம பையனை அனுப்பியிருந்தாங்க, பாவம், யாராச்சும் துண்டைக் கொண்டுவந்து வாங்கிக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். செய்தி அம்மாவின் காதுக்கு வந்தது. அம்மா பெட்டியைத் திறந்து மாத்திரையை எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை பொருந்தவில்லை.

அந்தப் பையனை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். டொக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். இப்போது பள்ளிக்கூடம் வருகிறான், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். ஒரு கடை கேள்வி கேட்காமல் விட்டதால் அவன் கெட்டான். இன்னொரு கடை ஒரே ஒரு கேள்வி கேட்டதால் திரும்பி வந்தான். அந்தக் கேள்வியைத்தான் போன கூட்டத்தில் நாம் தொல்லை என்று சொன்னோம்.

"நாங்க என்ன களவாணியா?"

இந்தக் கேள்வியைத் தாய்மார் பலர் கேட்டார்கள். இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. "துண்டு எங்கே, யார் நீ, எந்தத் தோட்டம்" என்று யாராவது கேட்டால் நம் உடம்பு கூசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களிடம் கடுதாசி கேட்டது. தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்து மலையில் வேலை செய்த நம்மவர்களிடம் அந்தக் கடுதாசி எங்கே இருந்தது? இலட்சக்கணக்கான பேர் நாடற்றவர்கள் ஆனோம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, நம்மைக் கேட்காமலே பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை என்ற சட்டம் 2003இல்தான் வந்தது. அந்த அனுபவம் உள்ள வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு "துண்டு எங்கே" என்ற கேள்வி சும்மா கேள்வியாகக் கேட்காது.

ஆனால் அந்தக் கடுதாசியும் இந்தத் துண்டும் ஒன்றல்ல. அது நம்மிடம் மட்டும் கேட்கப்பட்டது, நம்மை வெளியே தள்ளுவதற்காகக் கேட்கப்பட்டது. இந்தத் துண்டு டொக்டர் நமக்கு எழுதிக் கொடுத்தது. கொழும்பில் காரில் வந்து இறங்குகிறவரிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். தோட்டத்து ஆளிடம் மட்டும் துண்டு கேட்டுவிட்டு டவுன் முதலாளிக்குச் சும்மா எடுத்துக் கொடுக்கிற கடை இருந்தால், அதைச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நாம் ஒரு அடியும் பின்வாங்கமாட்டோம். மரியாதையிலும் அப்படித்தான். கேள்வி கேட்கலாம், அதட்டக் கூடாது. வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வருத்தத்தின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள தொல்லையும் அல்ல. அமெரிக்காவில் தடிமனுக்குப் போடும் சூடோஎபெட்ரின் மாத்திரையை ஒரு காலத்தில் யாரும் தட்டிலிருந்து எடுத்து வாங்கலாம். அதிலிருந்து சிலர் ஐஸ் போதைப்பொருளைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2006இலிருந்து அந்த மாத்திரையை மேசைக்குப் பின்னால் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மூக்கடைப்போடு வருகிற சாதாரண ஆளும் அடையாள அட்டை காட்டி, கையெழுத்து வைத்து, அளவாகத்தான் வாங்க முடியும். அவர்களில் ஒருவரும் களவாணி இல்லை. யாரோ ஒருவருடைய பிள்ளைக்காக எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டிலும் இது இன்று வந்த விதி அல்ல. அபாயகரமான ஔடதங்களைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. பார்மசிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், பதிவுபெற்ற மருந்தாளர் வேண்டும், துண்டுக்கு உரிய மருந்தைத் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது. இத்தனை நாள் கேட்காமல் கொடுத்த கடைகள்தான் விதியை மீறின. கேட்கிறவர் தன் வேலையைச் செய்கிறார்.

"பெரிய வியாபாரியை விட்டுட்டு எங்களை ஏன்?"

இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. பெட்டி பெட்டியாகக் கடத்துகிறவன் துண்டோடு வரிசையில் நிற்கப் போவதில்லையே, நம்மை அலைக்கழித்து என்ன பலன் என்கிறார்கள். கடத்தலைப் பிடிப்பது பொலிஸின் வேலை, சுங்கத்தின் வேலை. அவர்கள் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையின் கைக்கு முதல் மாத்திரை எங்கிருந்து வருகிறது? பல நேரம் வீட்டுப் பெட்டியிலிருந்து, இல்லையென்றால் கேள்வி கேட்காத கடையிலிருந்து. அந்த இரண்டு வாசலும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சின்னத் தடை என்ன செய்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு நம் தோட்டத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. சொல்லக் கஷ்டமான விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். நம் வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில், கோபத்தில் மருந்து குடித்து இறந்தவர் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக அதிகமான கணக்குகளில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் தடை செய்தது. 1998இல் எண்டோசல்பானைத் தடை செய்தது. 2008இல் தொடங்கிச் சில ஆண்டுகளில், நாம் மலையில் புல்லுக்கு அடித்த கிரமக்சோன் என்ற பரகுவாட்டும் இல்லாமல் போனது.

அப்போதும் சலசலப்பு இருந்தது. புல்லை எப்படி ஒழிப்பது, பயிரை எப்படிக் காப்பது என்று கேட்டார்கள். கொஞ்சம் சிரமப்பட்டு வேறு வழி பார்த்தார்கள். விளைச்சல் விழுந்துவிடவில்லை. ஆனால் 2005 ஆகும்போதே தற்கொலைக் கணக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது, அதன் பிறகும் குறைந்தது. வீட்டில் கோபமும் கஷ்டமும் அந்த ஆண்டுகளில் இல்லாமல் போய்விடவில்லை. கை நீட்டினால் எட்டும் இடத்தில் அந்தப் போத்தல் இல்லை, அவ்வளவுதான். கை நீட்டிய அந்த ஐந்து நிமிடம் கடந்துபோனதால் உயிரோடு இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் இந்த நாட்டில் இருக்கிறார்கள். துண்டு கேட்கும் கேள்வியும் அப்படிப்பட்ட ஒரு தடைதான். தீர்மானித்துவிட்டவனை அது தடுக்காமல் போகலாம். விளையாட்டாகக் கை நீட்டும் பதினாறு வயதுப் பையனை அது தடுக்கும்.

சின்னத் தொல்லை யாருக்குச் சின்னது?

இனி நம் பக்கத்து நியாயத்தைப் பேசுவோம். "சின்ன அசௌகரியம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று டவுனில் இருக்கிறவர் சுலபமாகச் சொல்லிவிடுவார். அவருக்குப் பார்மசி தெருவின் அந்தப் பக்கம். துண்டு மறந்துவிட்டால் வீட்டுக்குப் போய் எடுத்துவர ஐந்து நிமிடம். நமக்கு? மேல் பிரிவிலிருந்து ரோட்டுக்கு இறங்க ஒரு மணி நேரம். பஸ் ஒன்று தவறினால் அடுத்தது எப்போது என்று தெரியாது. கிளினிக் நாளில் அதிகாலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும். வேலைக்குத் திரும்பும்போது பிரட்டு முடிந்திருக்கும். அரைப்பேர் கிடைத்தாலே பெரிய காரியம், பல நாள் முழுப் பேரும் போய்விடும். ஒரு துண்டைப் புதுப்பிக்க ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனால் அதைச் சின்னத் தொல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் துண்டை எழுதி வெளியே வாங்கச் சொன்ன நாட்களையும் நாம் மறக்கவில்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்துப் பேசுவோம். பிள்ளைகளுக்காகக் கேள்வியை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அதன் செலவைக் கொழுந்து பறிக்கிற பெண்ணின் சம்பளத்திலிருந்து மட்டும் எடுக்க விடமாட்டோம்.

சங்கம் முன்வைக்கப் போகும் கோரிக்கைகள் இவை. ஒன்று, தோட்ட டிஸ்பென்சரியில் தகுதியுள்ள வைத்திய உதவியாளர் இருக்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவர்கள் போகக்கூடிய நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும். இரண்டு, பக்கத்து அரச ஆஸ்பத்திரி டொக்டர் மாதத்தில் ஒரு நாளாவது தோட்டத்துக்கு வந்து, பிரஷர், சீனி போன்ற நீண்டகால நோயாளிகளைப் பார்த்துத் துண்டைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். மூன்று, கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. நான்கு, மருந்து உறையில் எத்தனை மாத்திரை, எந்த நேரம் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஐந்து, துண்டு இல்லாமல் இந்த மாத்திரைகளை விற்கும் கடைகளை உணவு, மருந்துப் பரிசோதகர்கள் வந்து பார்க்க வேண்டும். நல்ல பார்மசிக்காரர் துண்டு கேட்டு நம்மிடம் ஏச்சு வாங்க, பக்கத்துக் கடைக்காரர் கேட்காமல் விற்றுக் காசு சேர்ப்பது என்ன நியாயம்?

வீட்டில் செய்ய வேண்டியவை

நாம் கேட்பதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

டொக்டரிடமிருந்து வெளியே வரும்போதே துண்டைப் பாருங்கள். நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை நாளுக்கு, திகதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் அங்கேயே தாதியிடம் கேளுங்கள். பாதித் தொல்லை முத்திரை இல்லாத துண்டால்தான் வருகிறது. துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் வைத்தால் மழையிலும் நனையாது.

வெற்றுக் காட்டைக் கொடுத்துச் சின்னப் பிள்ளைகளை மருந்து வாங்க அனுப்ப வேண்டாம். ஆட்டோத் தம்பியிடம் சொல்லி வாங்குவதானால் துண்டையும் கொடுத்தனுப்புங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்காகக் கமிட்டியில் ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை எல்லாருடைய துண்டையும் எடுத்துப் போய் வாங்கி வர முடியுமா என்று பார்மசிக்காரரோடு பேசிப் பார்ப்போம். நாம் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் அவருக்கும் நம்பிக்கை வரும்.

லயத்தில் உப்பு, சீனி, தேயிலைத் தூள் எல்லாவற்றையும் கைமாற்றுக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அது நல்ல பழக்கம்தான், அதை விட வேண்டாம். ஆனால் மருந்தை மட்டும் கைமாற்றுக் கொடுக்க வேண்டாம். "எனக்குக் கால் வலிக்கு நல்லாக் கேட்டுச்சு, ஒங்களுக்கும் ரெண்டு தாரேன்" என்று அன்பாகக் கொடுப்பது எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாது.

மாத்திரையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். கிழமைக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இறந்துபோனால் அவருடைய துணிமணியைப் பற்றி யோசிக்கிறோம், மிச்ச மருந்தைப் பற்றி யோசிப்பதில்லை. அதை லயத்துப் பின்னால் வீசாமல் டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. துண்டு இருந்தும் வலியைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த மருந்துகளின் பெயரைக் கேட்டுப் பயந்து, அம்மாயியின் மருந்தை யாரும் நிறுத்திவிடக் கூடாது. டொக்டர் எழுதிய அளவில் எடுப்பவருக்கு அது மருந்துதான். நிறுத்துவதென்றாலும் டொக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். இரவில் திடீரென்று கடும் வருத்தம் வந்தால் பார்மசிக் கதவைத் தட்டுவதைவிட 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காசு கேட்கமாட்டார்கள்.

ஏற்கனவே பழகிவிட்ட பிள்ளை இருந்தால்?

மறைக்க வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். "மானம் போய்விடும்" என்று அறைக்குள் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று முன்னமே சொன்னோம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு எடுத்து ஆலோசனை கேட்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம். அந்த வீட்டைப் பற்றிக் குழாயடியில் பேசுவதில்லை என்று மாதர் அணி ஒரு முடிவு எடுத்தால், அது எந்தத் தீர்மானத்தையும்விடப் பெரிய உதவி. வெட்கத்துக்குப் பயந்துதான் பலர் காலம் தாழ்த்துகிறார்கள்.

தோழர்களே, கூட்டம் முடிந்து போகும்போது ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் ஒரு வேலை இருக்கிறது. மூன்று விஷயங்களை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் டிஸ்பென்சரி எந்த நாளில், எந்த நேரத்தில் திறக்கிறது, அங்கே வைத்திய உதவியாளர் இருக்கிறாரா? மாதாமாதம் துண்டு புதுப்பிக்க வேண்டிய நோயாளிகள் உங்கள் தோட்டத்தில் எத்தனை பேர்? போன மூன்று மாதத்தில் கிளினிக்குக்குப் போனதால் பேர் வெட்டப்பட்டவர்கள் எத்தனை பேர்? நோயாளிகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். இந்தக் கணக்கோடுதான் தோட்ட நிர்வாகத்திடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் போகப் போகிறோம். கணக்கில்லாமல் போனால் முறைப்பாடு என்பார்கள், கணக்கோடு போனால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அதுவரைக்கும், அடுத்த தடவை பார்மசி மேசையில் ஒருவர் "இது யாருக்கு, துண்டு இருக்கா" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் துண்டை எடுத்து நீட்டுங்கள். நமக்குப் பின்னால் வரிசையில் நிற்பது யாருடைய பிள்ளை என்று நமக்குத் தெரியாது.